நதிமார்க் படுகொலை வழக்கு ஏன் நகரவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஷ்மீர் பள்ளத்தாக்கின் சிறுபான்மை இந்துக்களான பண்டிட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால், தீவிரவாதத்துக்குப் பயந்து அவர்களில் பெரும்பாலோர் வெளியேறிய 1990-இல் தொடங்கி 1990-இலேயே முடித்துவிடுகிறோம். அந்த ஆண்டு ஊரை விட்டுப் போகாமல் தங்கிவிட்டவர்களும் உண்டு. அவர்களில் பலர் பிறகு கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் மீது போடப்பட்ட வழக்குகள் என்ன ஆயின என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. இந்தப் பக்கம் முக்கியமாக ஒரே ஒரு வழக்கைப் பற்றியது. அதை விளக்கினால் மற்றவை எங்கே சிக்கிக் கிடக்கின்றன என்பதும் ஓரளவு புரிந்துவிடும்.

நதிமார்க்கில் என்ன நடந்தது?

தெற்குக் காஷ்மீரில், அன்றைய புல்வாமா மாவட்டத்தில், ஷோபியான் பக்கம் இருக்கும் சிறிய கிராமம் நதிமார்க். 2003 மார்ச் 23 இரவு ராணுவச் சீருடை அணிந்த ஆயுததாரிகள் அங்கே வந்தார்கள். பண்டிட் வீடுகளில் இருந்தவர்களை வெளியே அழைத்து, வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். 11 ஆண்கள், 11 பெண்கள், 2 சிறுவர்கள் என 24 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் இரண்டு வயதுக் குழந்தையும் இருந்தது.

ஊரில் இருந்த பண்டிட்டுகளே ஏறக்குறைய ஐம்பது பேர்தான். ஒரே இரவில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேர் அதன் பிறகு அங்கே இருக்கவில்லை, ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பிவிட்டார்கள்.

1990-லேயே எல்லோரும் வெளியேறிவிட்டார்கள் என்றல்லவா சொல்கிறார்கள்?

பெரும்பாலானவர்கள் வெளியேறினார்கள், எல்லோரும் இல்லை. நிலம், ஆப்பிள் தோட்டம், வயதான பெற்றோர், அரசு வேலை, பக்கத்து வீட்டுக்காரர் மீதிருந்த நம்பிக்கை என்று காரணங்கள் பல. போக வசதி இல்லாமல் தங்கியவர்களும் உண்டு. 2010-இல் மாநில அரசு சட்டமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி அப்போதும் 808 பண்டிட் குடும்பங்கள் பள்ளத்தாக்கில் இருந்தன.

இவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஜம்மு முகாம்களுக்குப் போனவர்களுக்கு நிவாரணத் தொகை, ரேஷன், பதிவு என்று ஏதோ ஒரு ஏற்பாடு இருந்தது. குறைகள் ஏராளம் என்றாலும் அரசின் ஏட்டில் அவர்கள் பெயர் இருந்தது. ஊரிலேயே தங்கியவர்கள் வெகுகாலம் எந்த ஏட்டிலும் இல்லை. கொலைகளுக்குப் பிறகு அவர்களும் வெளியேறியபோது, ஒரு வழக்கின் சாட்சிகளாகவும் அகதிகளாகவும் ஒரே நேரத்தில் ஆனார்கள். இந்த வழக்கின் சிக்கல் முழுக்க இங்கேதான் தொடங்குகிறது.

அந்த ஊருக்குப் போலீஸ் காவல் இல்லையா?

இருந்தது. பண்டிட்டுகள் வசித்ததாலேயே அங்கே ஒரு காவல் முகாம் போடப்பட்டிருந்தது. அது அன்றிரவு யாரையும் காப்பாற்றவில்லை. அந்த நேரத்தில் முதல்வர் முஃப்தி முகம்மது சயீதின் அரசு, வெளியேறிய பண்டிட்டுகளைத் திரும்ப அழைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சுக்கு யாரோ சொன்ன பதிலாகத்தான் பலரும் இந்தக் கொலைகளைப் பார்த்தார்கள். துணைப் பிரதமர் அத்வானி ஊருக்கு வந்து போனார். வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை.

யார் செய்தது? யாரும் பிடிபடவில்லையா?

பிடிபட்டார்கள். ஜைனாபோரா காவல் நிலையத்தில் வழக்கு பதிவானது. லஷ்கர்-இ-தொய்பா அமைப்பின் வேலை இது என்று போலீஸ் சொன்னது. கொலை நடந்த சில வாரங்களிலேயே, ஏப்ரலில், ஜியா முஸ்தபா என்ற அந்த அமைப்பின் தளபதியைக் கைது செய்து, திட்டம் போட்டவர் இவர்தான் என்று அறிவித்தார்கள். பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் ராவலாகோட் பகுதியைச் சேர்ந்தவர். ஏழு பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது.

காஷ்மீர் நிலவரத்தில் இது அபூர்வம். பெரும்பாலான கொலை வழக்குகளில் "துப்பு கிடைக்கவில்லை" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். இங்கே முதல் தகவல் அறிக்கை இருந்தது, குற்றம்சாட்டப்பட்டவர்கள் இருந்தார்கள், உயிர் தப்பிய சாட்சிகளும் இருந்தார்கள். ஆகவே துப்பு இல்லாமல் தேங்கிய வழக்கு என்று இதைச் சொல்லவே முடியாது.

பிறகு எங்கேதான் நின்றது?

சாட்சிக் கூண்டில்.

வழக்கு முதலில் புல்வாமா அமர்வு நீதிமன்றத்தில் இருந்தது, பிறகு ஷோபியான் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. சம்பவத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் எல்லாம் அதற்குள் பள்ளத்தாக்கை விட்டுப் போய்விட்டார்கள். சாட்சி சொல்ல வேண்டுமென்றால் அவர்கள் ஜம்முவையும் பள்ளத்தாக்கையும் பிரிக்கும் பனிஹால் கணவாயைத் தாண்டி, தங்கள் குடும்பத்தார் கொல்லப்பட்ட ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் நீதிமன்றத்துக்கு வந்து, குற்றம்சாட்டப்பட்டவர்களின் முன் நின்று பேச வேண்டும். பேசிவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். அடுத்த வாய்தாவுக்கு மறுபடி வர வேண்டும். அவர்கள் வரவில்லை.

அரசுத் தரப்பு ஒரு மனு போட்டது. சாட்சிகள் பயத்தால் வர மறுக்கிறார்கள், அவர்கள் இப்போது வசிக்கும் இடத்திலேயே கமிஷன் மூலம் சாட்சியத்தைப் பதிவு செய்ய அனுமதி வேண்டும் என்று கேட்டது. 2011 பிப்ரவரி 9 அன்று ஷோபியான் அமர்வு நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று அங்கேயும் தள்ளுபடி.

கொலை நடந்து அதற்குள் எட்டு ஆண்டுகள் முடிந்து ஒன்பதாவது நடந்துகொண்டிருந்தது. அரசு பின்னர் உச்ச நீதிமன்றம் வரை போய், உயர் நீதிமன்றத்திடமே திரும்பி வந்து, பழைய உத்தரவைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க 2022 ஆகிவிட்டது. கவனியுங்கள், யார் குற்றவாளி என்ற விவாதத்தில் இந்த ஆண்டுகள் போகவில்லை. சாட்சி எந்த ஊரில் உட்கார்ந்து பேசலாம் என்ற விவாதத்திலேயே பதினோரு ஆண்டுகள் போயின.

கமிஷன் மூலம் சாட்சியம் என்றால் என்ன?

சாட்சியால் நீதிமன்றத்துக்கு வர இயலாவிட்டால், அவர் இருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட் போன்ற ஒரு அதிகாரியிடம் அந்தப் பொறுப்பை நீதிமன்றம் ஒப்படைக்கும். அவர் சாட்சியை விசாரித்து, எழுத்தில் பதிவு செய்து அனுப்புவார். எதிர்த்தரப்பு வக்கீலும் அங்கே போய்க் குறுக்கு விசாரணை செய்யலாம், அல்லது கேள்விகளை எழுதி அனுப்பலாம். புதிய ஏற்பாடு எதுவும் இல்லை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பல காலமாக இருப்பதுதான். அப்போது தனிச் சட்டத் தொகுப்பு வைத்திருந்த ஜம்மு காஷ்மீரிலும் இதற்கு இடம் இருந்தது.

கொலை வழக்கில் நீதிபதி சாட்சியை நேரில் பார்க்க வேண்டாமா? மறுத்தது சரிதானே?

நியாயமான கேள்வி. தூக்கு வரை போகக்கூடிய வழக்கில், சாட்சி எப்படிப் பேசுகிறார், எங்கே தடுமாறுகிறார் என்பதை நீதிபதி பார்ப்பது முக்கியம். குற்றம்சாட்டப்பட்டவருக்கும் தனக்கு எதிராகச் சாட்சி சொல்பவரை எதிர்கொள்ளும் உரிமை உண்டு. அந்த உரிமையைப் பண்டிட்டுகளுக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. கமிஷனை எடுத்த எடுப்பிலேயே கொடுத்துவிடக் கூடாது என்று நீதிமன்றங்கள் நினைப்பதில் காரணம் இருக்கிறது.

ஆனால் காணொலி என்று ஒன்று இருக்கிறதே? மகாராஷ்டிர அரசுக்கும் டாக்டர் பிரஃபுல் தேசாய்க்கும் இடையிலான வழக்கில், குற்ற வழக்குகளில் காணொலி வழியாகச் சாட்சியம் பதிவு செய்யலாம், திரையில் தெரிவதும் நேரில் இருப்பதாகவே சட்டத்தில் கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் தேதி 2003 ஏப்ரல் 1, அதாவது நதிமார்க் கொலை நடந்து ஒன்பதாவது நாள். வழக்கு நீதிமன்றத்துக்கு வரும் முன்பே தீர்வு சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. நீதிபதி சாட்சியின் முகத்தைப் பார்க்கலாம், எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யலாம், சாட்சி ஜம்முவில் உட்கார்ந்து பேசலாம். 2011-இல் ஜம்முவிலும் ஷோபியானிலும் இணையம் எப்படி இருந்தது என்று யாராவது வாதாடலாம். இரண்டு கணினிகளையும் ஒரு நல்ல இணைப்பையும் ஒரு அரசால் ஏற்பாடு செய்ய முடியாதா என்பது என் கேள்வி.

2022-இல் உயர் நீதிமன்றம் என்ன சொன்னது?

இரண்டு கட்டமாக நடந்தது. ஆகஸ்ட் மாதம் நீதிபதி சஞ்சய் தர், 2011 டிசம்பர் உத்தரவைத் திரும்பப் பெற்று, மனுவைப் புதிதாக விசாரிக்க வழி செய்தார். அக்டோபர் இறுதியில் நீதிபதி வினோத் சட்டர்ஜி கௌல், கமிஷன் மூலமோ காணொலி மூலமோ சாட்சிகளை விசாரிக்கத் தேவையான எல்லாவற்றையும் செய்யும்படியும், வழக்கை விரைந்து முடிக்கும்படியும் கீழ் நீதிமன்றத்துக்கு உத்தரவிட்டார்.

செய்திகளில் "நதிமார்க் வழக்கு மறுபடி திறப்பு" என்று தலைப்புப் போட்டார்கள். புதிதாகப் புலன்விசாரணை தொடங்கியதுபோல் ஒரு தோற்றம் வந்துவிட்டது. உண்மையில் கிடைத்தது, 2011-இல் கேட்ட அதே அனுமதி. நல்ல உத்தரவுதான், மறுக்கவில்லை. ஆனால் 2003-இல் ஐம்பது வயதில் இருந்த ஒரு சாட்சிக்கு அந்த உத்தரவு வரும்போது அறுபத்தொன்பது.

ஜியா முஸ்தபா என்ன ஆனார்?

இறந்துவிட்டார். 2003-இல் கைதானவர் 2021 வரை சிறையில்தான் இருந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் பூஞ்ச் மாவட்டத்தின் பாட்டா துரியான் காட்டில் தீவிரவாதிகளைத் தேடும் நடவடிக்கை நடந்தது. மறைவிடத்தை அடையாளம் காட்டுவதற்காக ஜம்முவின் கோட் பல்வால் சிறையிலிருந்து அவரை அங்கே கூட்டிச் சென்றதாகவும், அப்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் அவர் இறந்ததாகவும் போலீஸ் சொன்னது.

நதிமார்க் குடும்பங்களில் சிலருக்கு அந்தச் செய்தி ஆறுதலாக இருந்திருக்கலாம். அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் வழக்கு என்ற அளவில் பார்த்தால் இது ஒரு இழப்பு. சூத்திரதாரி என்று அரசே சொன்ன ஆள் 18 ஆண்டுகள் அதன் கையில் இருந்தார். யார் அனுப்பினார்கள், ஊருக்குள் யார் வழிகாட்டினார்கள், காவல் முகாமைப் பற்றி யார் தகவல் கொடுத்தார்கள் என்று அவரிடம் கூண்டில் வைத்துக் கேட்டிருக்கலாம். இனிமேல் கேட்க முடியாது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. குற்றம்சாட்டப்பட்ட ஏழு பேரில் ஒருவர் நிரபராதி என்று வைத்துக்கொள்வோம். அவருக்கும் அந்தத் தீர்ப்பு வரவில்லை.

சாட்சிகளின் பயம் கொஞ்சம் மிகைதானே? 2003-க்குப் பிறகு நிலைமை எவ்வளவோ மாறிவிட்டதே?

மாறியது, பிறகு மறுபடியும் மாறியது. 2008-இல் மன்மோகன் சிங் அரசு அறிவித்த மறுவாழ்வுத் திட்டத்தில் வேலை பெற்று ஆயிரக்கணக்கான இளம் பண்டிட்டுகள் பள்ளத்தாக்குக்குத் திரும்பினார்கள். 2021 அக்டோபரில் ஸ்ரீநகரில் பெயர்பெற்ற மருந்துக்கடைக்காரர் ஒருவரைக் கடையிலேயே சுட்டுக் கொன்றார்கள். அவர் 1990-இல் கூட ஊரை விட்டுப் போகாத பண்டிட். இரண்டு நாள் கழித்து ஒரு பள்ளிக்குள் புகுந்து, ஒரு சீக்கியத் தலைமை ஆசிரியரையும் ஒரு இந்து ஆசிரியரையும் கொன்றார்கள். 2022 மே 12 அன்று சடூரா தாசில்தார் அலுவலகத்துக்குள் நுழைந்து, மறுவாழ்வுத் திட்டத்தில் வேலைக்கு வந்திருந்த பண்டிட் ஊழியரை அவர் இருக்கையிலேயே சுட்டார்கள். அதன் பிறகு அந்தத் திட்டத்தின் ஊழியர்கள் ஜம்முவுக்கு இடமாற்றம் கேட்டு மாதக்கணக்கில் போராடினார்கள்.

அரசு அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருந்தவருக்கே இந்த நிலை. ஷோபியான் நீதிமன்ற வாசலில் இறங்கிச் சாட்சி சொல்ல வேண்டியவரிடம் போய், உங்கள் பயம் மிகை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இது நதிமார்க்குக்கு மட்டும் நேர்ந்ததா?

இல்லை. 1997 மார்ச்சில் சங்கிராம்போராவில் ஏழு பண்டிட்டுகள் கொல்லப்பட்டார்கள். 1998 ஜனவரி 25 இரவு, குடியரசு தினத்துக்கு முந்தைய இரவு, கந்தர்பால் பக்கம் வந்தாமாவில் 23 பேர். ஒரு பையன் மட்டும் ஒளிந்து தப்பினான். பிரதமர் குஜ்ரால் நேரில் வந்தார். அந்த வழக்கைத் துப்பு கிடைக்கவில்லை என்று போலீஸ் முடித்துவிட்டது.

2008-இல் மாநிலப் போலீஸ் ஒரு கணக்கு வெளியிட்டது. 1989 முதல் 209 பண்டிட்டுகள் கொல்லப்பட்டதாகவும், குற்றப்பத்திரிகை வரை போனவை 24 வழக்குகள் என்றும் அதில் இருந்தது. குற்றப்பத்திரிகை என்பது வழக்கின் முதல் படிதான், நதிமார்க்கே அதற்குச் சாட்சி.

நீதிமன்றம் வரை போன வழக்குகளிலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல பண்டிட்டுகளைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட பிட்டா கராட்டே என்கிற ஃபரூக் அகமது தர் 1990-இல் கைதாகி, 2006-இல் ஜாமீனில் வந்தார். ஜாமீன் கொடுத்த தடா (தீவிரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றமே, குற்றச்சாட்டுகள் மரண தண்டனை வரை போகக்கூடியவை என்று தெரிந்தும், வழக்கை நடத்துவதில் அரசுத் தரப்பு துளியும் அக்கறை காட்டவில்லை என்று பதிவு செய்தது. 16 ஆண்டுகள் ஒருவரைத் தீர்ப்பில்லாமல் உள்ளே வைத்திருந்து, கடைசியில் வாதாட ஆளில்லாமல் வெளியே விட்டார்கள். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் இதை நீதி என்று சொல்ல முடியவில்லை.

மொத்தம் எத்தனை பண்டிட்டுகள் கொல்லப்பட்டார்கள்? ஒவ்வொருவரும் ஒரு எண் சொல்கிறார்களே?

2010-இல் மாநில அரசு சொன்னது: 1989 முதல் 2004 வரை 219 பேர். பள்ளத்தாக்கிலேயே தங்கி வேலை செய்யும் காஷ்மீர் பண்டிட் சங்கர்ஷ் சமிதி ஊர் ஊராகப் போய்ப் பெயர் சேகரித்து, அரசின் கணக்கைவிட மிக அதிகமான எண்ணைச் சொல்கிறது. உச்ச நீதிமன்றத்துக்குப் போன ரூட்ஸ் இன் காஷ்மீர் அமைப்பு 700-க்கு மேல் என்றது. வாட்ஸ்அப்பில் ஆயிரங்களில் சுற்றும் எண்களுக்கு ஆதாரம் கிடையாது, அவற்றை நம்ப வேண்டாம்.

எண்ணைக் கூட்டிச் சொன்னால் நியாயம் வலுக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது.

உச்ச நீதிமன்றம் "காலம் கடந்துவிட்டது" என்று சொன்னது உண்மையா? கொலை வழக்குக்குக் காலாவதி உண்டா?

இந்தியச் சட்டத்தில் கொலைக்குக் காலாவதி இல்லை. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் கால வரம்பு உண்டு.

2017 ஜூலையில் நடந்தது வேறு. 1989-90 காலத்துக் கொலைகள் தொடர்பான 215 வழக்குகளை மறுபடி விசாரிக்கக் கோரி ரூட்ஸ் இன் காஷ்மீர் போட்ட மனுவைத் தலைமை நீதிபதி கேஹரும் நீதிபதி சந்திரசூட்டும் தள்ளுபடி செய்தார்கள். 27 ஆண்டுகள் போய்விட்டன, இனி சாட்சியங்கள் கிடைக்க வாய்ப்பில்லை, பலன் எதுவும் வராது என்பது காரணம். சீராய்வு மனுவும் போனது. கடைசி வாய்ப்பான க்யூரேட்டிவ் மனுவும் 2022 இறுதியில் தள்ளுபடியானது.

இதைப் படித்துவிட்டு இன்னொரு தேதியைப் பாருங்கள். 1984 சீக்கியர் படுகொலைக்காக டெல்லி உயர் நீதிமன்றம் முன்னாள் காங்கிரஸ் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது 2018 டிசம்பர் 17-இல், 34 ஆண்டுகள் கழித்து. அந்த வழக்கில் நின்று சாட்சி சொல்ல ஆட்கள் இருந்தார்கள், அவர்களை விடாமல் பின்தொடர்ந்த வக்கீல்கள் இருந்தார்கள். 27 ஆண்டில் சாட்சியம் அழிந்துவிட்டது என்று ஓரிடத்தில் சொன்ன அதே நாட்டில் 34 ஆண்டு கழித்தும் சாட்சியம் நின்றிருக்கிறது. ஆக, காலம் கடந்துவிட்டது என்று கதவை மூடுவதற்கு முன் கோப்புகளைத் திறந்தாவது பார்த்திருக்கலாம். ஒவ்வொரு வழக்கிலும் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லியிருந்தால் போதும். அதுகூட நடக்கவில்லை.

இதை இனப்படுகொலை என்று சொல்லலாமா?

1999-இல் தேசிய மனித உரிமை ஆணையம் இந்தக் கேள்வியைப் பரிசீலித்தது. சர்வதேச உடன்படிக்கை வரையறுக்கும் இனப்படுகொலை என்ற கடைசி எல்லைக்கு இது போகவில்லை, ஆனால் அதற்கு நெருக்கமான செயல்கள் நடந்தன என்றது. சமூகத்தில் பலர் இதை ஏற்கவில்லை. என் பார்வையில் இந்த விவாதம் நதிமார்க் வழக்குக்கு ஒரு அங்குலம் கூட உதவவில்லை. அங்கே தேவைப்பட்டது 24 கொலைகளுக்கு ஒரு சாதாரணக் கொலை வழக்கு விசாரணை.

காஷ்மீர் முஸ்லிம்களுக்கும்தான் நீதி கிடைக்கவில்லை. பண்டிட்டுகளை மட்டும் ஏன் பேச வேண்டும்?

இரண்டையும் பேசலாம், ஒன்று இன்னொன்றை ரத்து செய்யாது. 2000 மார்ச் 20 அன்று சிட்டிசிங்புராவில் 35 சீக்கியர்களைக் கொன்றார்கள். ஐந்து நாள் கழித்து, கொலையாளிகளைச் சுட்டுவிட்டோம் என்று பத்ரிபலில் ஐந்து பேரின் சடலங்களைக் காட்டினார்கள். அவர்கள் அப்பாவி முஸ்லிம் கிராமத்தார் என்று பின்னர் தெரிந்தது. சிபிஐ ராணுவ அதிகாரிகள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ராணுவம் வழக்கைத் தன் கையில் எடுத்து, 2014-இல் போதிய சாட்சியம் இல்லை என்று மூடிவிட்டது. சீக்கியர்களைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட இரண்டு பாகிஸ்தானியர்களை 2011-இல் டெல்லி நீதிமன்றம் விடுதலை செய்தது. இரண்டு படுகொலைகளில் 40 பேர் இறந்திருக்கிறார்கள், பதில் சொல்ல ஒருவர்கூட இல்லை.

கொன்றவர் யார் என்பதைப் பொறுத்து வழக்கின் முடிவு மாறவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பண்டிட்டுகளுக்காகக் கேட்கும்போது "அப்போ மற்றவர்கள்?" என்று வாயை அடைப்பவர்களும், மற்றவர்களுக்காகக் கேட்கும்போது "அப்போ பண்டிட்டுகள்?" என்று வாயை அடைப்பவர்களும் சேர்ந்து இந்தக் கோப்புகளைப் பத்திரமாக மூடி வைத்திருக்கிறார்கள்.

2023 டிசம்பரில், ஜம்மு காஷ்மீருக்குச் சிறப்புத் தகுதி தந்த 370-வது பிரிவு பற்றிய வழக்கின் தீர்ப்பில் நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தனியாக எழுதிய பகுதியில், 1980-களிலிருந்து அரசும் அரசல்லாதவர்களும் செய்த உரிமை மீறல்களை விசாரிக்க உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் ஒன்று அமைக்கப் பரிந்துரைத்தார். அவரே காஷ்மீர் பண்டிட் குடும்பத்தைச் சேர்ந்தவர். அப்புறம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: ஓராண்டுக்கு முன் அந்த க்யூரேட்டிவ் மனுவைத் தள்ளுபடி செய்த அமர்விலும் அவர் இருந்தார்.

எந்தக் கட்சி பொறுப்பு?

கொலை நடந்தபோது மாநிலத்தில் மக்கள் ஜனநாயகக் கட்சியும் காங்கிரசும், மத்தியில் பாஜக கூட்டணி. மனு தள்ளுபடியான 2011-இல் மாநிலத்தில் தேசிய மாநாட்டுக் கட்சியும் காங்கிரசும், மத்தியில் காங்கிரஸ். 2015 முதல் 2018 வரை மாநிலத்தில் மக்கள் ஜனநாயகக் கட்சியும் பாஜகவும். 2019-க்குப் பிறகு காவல்துறை நேரடியாக மத்திய அரசின் கீழ். ஒருவரை மட்டும் கைகாட்ட வேண்டுமென்றால் நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வழக்குகளை இப்போது மறுபடி எடுக்கிறார்களாமே?

சிலவற்றை. 2021-இல் ஜம்மு காஷ்மீர் போலீசில் எஸ்ஐஏ என்ற மாநிலப் புலனாய்வு முகமை அமைக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் அது நீதிபதி நீலகண்ட் கஞ்சூ கொலையைப் பற்றித் தெரிந்தவர்கள் முன்வர வேண்டும் என்று பொதுமக்களிடம் கேட்டது. 1960-களில் காஷ்மீர் பிரிவினைவாதத் தலைவர் மக்பூல் பட்டுக்கு மரண தண்டனை விதித்தவர் கஞ்சூ. 1989 நவம்பர் 4 அன்று ஸ்ரீநகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2025-இல், 1990-இல் கொல்லப்பட்ட ஒரு செவிலியரின் வழக்கில் சோதனைகள் நடந்தன.

வரவேற்க வேண்டியதுதான். ஆனால் 34 ஆண்டு கழித்துப் பொதுமக்களிடம் துப்புக் கேட்பதற்கும், முதல் வாரத்தில் அக்கம்பக்கத்தை விசாரிப்பதற்கும் உள்ள தூரம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோதனை நடத்துவது செய்தியாகிறது, வழக்கு முடிவது அபூர்வம். நான் எண்ணிப் பார்ப்பது தண்டனைகளையோ விடுதலைகளையோதான், இரண்டில் எதுவானாலும் சரி.

இன்று ஒரு சாட்சி பேச விரும்பினால் அவருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

2003-இல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இன்று காகிதத்திலாவது இருக்கிறது. 2018 டிசம்பர் 5 அன்று மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை ஏற்று, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை அதுவே சட்டம் என்றது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. காணொலி விசாரணைக்கும் அதில் தாராளமாக இடமிருக்கிறது.

2018 திட்டத்தின்படி சாட்சியோ அவர் குடும்பத்தாரோ வக்கீலோ விண்ணப்பிக்கலாம். மாவட்ட நீதிபதி தலைமையில், மாவட்டப் போலீஸ் தலைவரும் அரசு வழக்கு நடத்தும் துறையின் மாவட்டத் தலைவரும் இருக்கும் குழு அதை முடிவு செய்யும். மிரட்டல் எவ்வளவு கடுமையானது என்று போலீஸ் ஐந்து வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். உயிருக்கே ஆபத்து, உடைமைக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து, வெறும் தொந்தரவு என்று மூன்று வகையாகப் பிரித்து அதற்கேற்ப ஏற்பாடு செய்வார்கள். கேமரா பொருத்துவது முதல் வேறு ஊருக்கு மாற்றுவது, அடையாளத்தையே மாற்றுவது வரை அதில் இருக்கிறது.

இதில் ஒரு விவரம் மட்டும் என்னை உறுத்துகிறது. பாதுகாப்பு ஏற்பாடுகள் ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்று திட்டம் சொல்கிறது, நீட்டிக்கலாம் என்றாலும். சாதாரண வழக்குக்கு இது போதும். சாட்சி எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்யவே பதினோரு ஆண்டு எடுத்துக்கொண்ட ஒரு வழக்கின் சாட்சி, இந்தக் கணக்குப்படி நாற்பதுக்கு மேற்பட்ட தடவை போலீசிடம் போய், எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது என்று நிரூபித்திருக்க வேண்டும்.